ஆட்டின் கணுக்காலும் திமிங்கிலத்தின் பூர்வீகமும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கும் காரியாபட்டி மழையை நம்பிய ஊர். மழை பொய்த்த ஆண்டில் இங்கே சம்சாரிக்குக் கைகொடுப்பது ஆடுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைகளில் தீயில் வாட்டிச் சுரண்டிய ஆட்டுக்கால்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சளிக்கும் உடல்வலிக்கும் சூப்பு வைக்க வாங்கிப் போவோர் உண்டு. இங்கிருந்து நேர் தெற்கே, திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கடற்கரையில் 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டும் பல திரும்பவும் கரைக்கே வந்து இறந்தன. 1973-இலும் இதே கடற்கரையில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது.

காரியாபட்டி ஆடும் மணப்பாட்டுத் திமிங்கிலமும் உறவுக்காரர்கள். சுறாவும் திமிங்கிலமும் ஒரே கடலில் ஒரே உருவில் நீந்தினாலும், திமிங்கிலத்துக்குச் சுறா அந்நியம், ஆடு சொந்தம். ஆட்டையும் பன்றியையும் நாம் ஒரே இனமாகக் குளம்புள்ள விலங்குகள் என்று சேர்த்து வைக்கிறோம். ஆனால் பன்றியைவிடத் திமிங்கிலமே ஆட்டுக்கு நெருங்கிய உறவு. இதை உறுதி செய்த சான்றுகளில் முதன்மையானது ஆட்டின் பின்னங்கால் கணுவில் இருக்கும் ஒரு சிறிய எலும்பு. உயிர்களின் உறவு எலும்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, அதை எப்படிப் படிப்பது, படிக்கும்போது எங்கே ஏமாறுவோம் என்பதை இந்த ஓர் எலும்பை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு கை, பல வேலை

சிவகாசி வட்டாரத்தில் சரவெடி பின்னும் ஒரு பெண்ணின் கையைக் கவனியுங்கள். திரியைப் பிடித்து, வெடியைச் செருகி, நூலை இறுக்கி, அடுத்ததற்குப் போகும் அந்த வேகத்துக்குப் பின்னால் 27 எலும்புகள் வேலை செய்கின்றன. மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு. அதற்குக் கீழே மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என்று இந்த 27-உம் அமைந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு, பல சிறு எலும்புகள், பிறகு விரல்கள் என்ற இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மாலையில் பனைமரங்களைச் சுற்றிப் பறக்கும் பழந்தின்னி வௌவாலின் இறக்கையிலும் இதே வரிசைதான். மேலே ஒன்று, பிறகு முன்கை, மணிக்கட்டு, அதற்கப்பால் குடைக்கம்பிபோல் நீண்ட விரல்கள். அந்த விரல்களுக்கு இடையே விரிந்த தோலே இறக்கை. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகத்துடன், தொற்றிக்கொள்ள வெளியே நிற்கிறது. கோழியின் இறக்கையைச் சமைக்கும்போது பிரித்துப் பார்த்தால் அங்கும் மேலே ஒன்று, நடுவில் இரண்டு, நுனியில் ஒட்டிப்போன மூன்று விரல்களின் எச்சம். மணப்பாட்டில் ஒதுங்கிய பைலட் திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள் இருக்கின்றன. மேற்கையும் முன்கையும் குறுகிவிட்டன. நம் விரலில் மூன்று எலும்பு இருக்கும் இடத்தில் அதன் இரண்டாம் விரலில் பத்துக்கும் மேல் இருப்பதுண்டு.

பிடிப்பது, பறப்பது, நீந்துவது ஆகிய மூன்றுக்கும் ஒரே கருவி பொருத்தமானதாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? வேலைக்காக மட்டுமே உடல் அமைந்திருந்தால் துடுப்புக்குள் விரல்கள் இருக்க வேண்டியதில்லை. இந்தப் புதிரை ஐரோப்பிய உடற்கூற்றியலாளர்கள் வெகுகாலமாகக் கவனித்து வந்தார்கள். பிரான்சின் பியர் பெலோன் 1555-இலேயே மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் அருகருகே வரைந்து, எலும்புக்கு எலும்பு ஒப்பிட்டுக் காட்டினார். 1843-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், உருவமும் வேலையும் மாறினாலும் வெவ்வேறு விலங்குகளில் ஒரே உறுப்பாகவே இருப்பவற்றை ஒரு தனி வகையாக வரையறுத்தார். நம் பள்ளிப் பாடநூல்கள் இவற்றை அமைப்பு ஒத்த உறுப்புகள் என்கின்றன. ஓவனைப் பொறுத்தவரை இந்த ஒற்றுமைக்குக் காரணம் ஓர் ஆதி வடிவத் திட்டம். 1859-இல் சார்லஸ் டார்வின் அதே எலும்புகளைப் பார்த்து வேறு பதில் சொன்னார்: இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது, அதனிடமிருந்து பெற்ற கை அந்தந்த வாழ்க்கைக்கேற்ப மாறியது. திட்டம் என்பது விளக்கத்தைத் தள்ளிப்போட்டது. மூதாதை என்பதோ சோதித்துப் பார்க்கக்கூடிய பதில். அப்படி ஒருவர் இருந்திருந்தால் எச்சம் எங்காவது மண்ணில் கிடைக்க வேண்டும்.

கிடைத்தது. 2004-இல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் நீல் ஷூபினின் குழு தோண்டி எடுத்த டிக்டாலிக் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன். அதன் துடுப்புக்குள் மேற்கைக்கான ஓர் எலும்பும், முன்கைக்கான இரண்டும், மணிக்கட்டைப் போன்ற சிறு எலும்புகளும் இருந்தன. அந்தக் காலப் பாறையில், அப்படிப்பட்ட ஆற்றுப் படிவுகளில் தேடினால் கிடைக்கும் என்று கணித்துப் போய்த் தேடி எடுத்த மீன் அது.

ஆட்டுக்காலைப் படிப்பது

ஆட்டின் காலில் இந்த வரிசை எங்கே மறைந்திருக்கிறது? ஆட்டின் பின்னங்கால் முழங்கால் பின்பக்கமாக மடிவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பின்னுக்குத் துருத்தி நிற்கும் அந்த இடம் குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் இருக்கிறது. நம் முழங்காலைப் போலவே மடிகிறது. ஆடு விரல் நுனியில் நிற்கும் விலங்கு. நாம் பாதம் என்று சொல்லும் பகுதி அதற்குத் தரையைத் தொடாத நீண்ட எலும்பாகிவிட்டது.

சூப்புக்கு வாங்கும் காலில் இருக்கும் நீண்ட எலும்பு அதுதான். வேக வைத்துச் சதை நீக்கிய பின் அதன் முன்பக்கத்தில் விரலை ஓட்டினால் நெடுக ஒரு பள்ளம் தட்டுப்படும். கீழ் முனையில் உருளைபோல் இரண்டு தலைகள் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குளம்பு. இது இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானது. நம் கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் உள்ளங்கைக்குள் இருக்கும் மூன்றாவது, நான்காவது எலும்புகளே ஆட்டில் இப்படி ஒட்டியிருக்கின்றன. ஆட்டின் கருவில் இவை இரண்டு தனி எலும்புகளாகத் தோன்றுகின்றன; வளர வளர ஒட்டிக்கொள்கின்றன. குளம்புக்குப் பின்னால் சற்று மேலே தரையைத் தொடாமல் தொங்கும் இரண்டு சிறு குளம்புகள் இரண்டாவது, ஐந்தாவது விரல்களின் மிச்சம். கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. வேகமாக ஓட இலகுவான கால் வேண்டும். விரல்கள் குறைந்தன, மிஞ்சியவை நீண்டன.

இந்தக் காலில் நமக்கு வேண்டிய எலும்பு கணுவில் இருக்கிறது. அஸ்ட்ரகலஸ் என்று பெயர். விரலிடுக்கில் அடங்கும் அளவு. மங்கோலியாவில் ஆட்டின் இந்த எலும்பைத்தான் இன்றும் காய்களாக உருட்டி விளையாடுகிறார்கள். நம் கணுக்காலில் இதற்கு இணையான எலும்பின் மேற்பகுதி மட்டும் கப்பிபோல் வளைந்து, முழங்கால் கீழெலும்பை ஏந்துகிறது. ஆட்டில் மேற்பகுதியும் கப்பி, கீழ்ப்பகுதியும் கப்பி. இரண்டு கப்பிகளால் கால் முன்னும் பின்னும் தாராளமாக மடங்கி விரிகிறது, பக்கவாட்டில் பிசகுவதில்லை. ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என இரட்டைக் குளம்பு வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைக் கப்பி உண்டு. குதிரைக்கு இல்லை, நாய்க்கு இல்லை, யானைக்கு இல்லை. புதைபடிவ ஆய்வாளர் ஒருவருக்கு இந்த ஒரு சிறு எலும்பு கிடைத்தால் போதும், விலங்கின் குடும்பத்தைச் சொல்லிவிடுவார்.

ஒற்றுமை ஏமாற்றும் இடம்

ஒத்திருப்பவை எல்லாம் உறவு என்று கொண்டால் பெரிய பிழையில் முடியும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும் விலங்குகள் சில உண்டு. பறக்கும் ஓணான் விரிக்கும் தோலை அதன் விலா எலும்புகள் தாங்குகின்றன. பறக்கும் அணிலின் தோல் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே விரிகிறது. மணிக்கட்டிலிருந்து நீளும் ஒரு குருத்தெலும்பு அதை அகலப்படுத்துகிறது. வௌவாலுக்கு விரல்கள். வண்ணத்துப்பூச்சியின் சிறகில் எலும்பே கிடையாது. காற்றில் செல்வது என்ற ஒரே தேவைக்கு நான்கு குடும்பங்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டு நான்கு வழி கண்டிருக்கின்றன. இவை செயல் ஒத்த உறுப்புகள். வேலை ஒன்று, பிறப்பு வேறு.

ஒத்த தோற்றம் தேர்ந்த கண்களையும் ஏமாற்றும். திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதன் வடபகுதியான மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். ஊர்ப்பக்கம் சாதாரணமாகக் காணும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று கருதப்பட்டு அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதன் பல்லமைப்பையும் வால் இல்லாததையும் உற்றுப் பார்த்து, இது தனிப் பேரினம் என்று 1972-இல் நிறுவினார். சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, உலகின் அரிய வௌவால்களில் ஒன்று அது. தோல் ஒன்றைச் சொன்னது. பல் உண்மையைச் சொன்னது.

பாக் நீரிணையின் ஆவுளியா இதைவிடத் தெளிவான பாடம். கடற்பசு என்றும் சொல்லப்படும் இந்த விலங்குக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. பார்வைக்குச் சிறிய திமிங்கிலம்போல் இருக்கும்: உருண்ட உடல், துடுப்பு, கிடைமட்ட வால். ஆனால் அதன் நெருங்கிய உறவு திருவில்லிபுத்தூர் மலையில் திரியும் யானை. யானையைப் போலவே அதன் பால்காம்புகள் முன்னங்கால்களை ஒட்டி இருக்கின்றன. ஆண் ஆவுளியாவின் தந்தம் யானைத் தந்தத்தைப் போலவே நீண்ட வெட்டுப்பல். மரபணு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

திமிங்கிலமும் ஆவுளியாவும் தனித்தனியாக நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கியவை. மீன் போன்ற உருவம் நீரின் கட்டாயத்தால் வந்தது. ஆனால் வாலைக் கவனித்தால் பூர்வீகம் தெரியும். மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும். திமிங்கிலமும் ஆவுளியாவும் மேலும் கீழுமாக அடிக்கின்றன. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பாலூட்டியின் முதுகெலும்பு மேலும் கீழுமாகத்தான் வளையும். கடலுக்குப் போன பிறகும் அந்த முதுகு மறக்கவில்லை.

கணு எலும்பு தீர்த்த வழக்கு

திமிங்கிலம் நில விலங்கிலிருந்து வந்தது என்பதில் உயிரியலாளர்களுக்குள் சந்தேகம் இருந்ததில்லை. எந்த விலங்கு என்பதில்தான் வழக்கு. 1960-களிலிருந்து புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் மெசோனிக்கிட் என்ற, அழிந்துபோன, ஓநாய் போன்ற ஊனுண்ணிகளைச் சுட்டினார்கள். பழைய திமிங்கிலங்களின் பற்களும் அவற்றின் பற்களும் ஒத்திருந்ததே காரணம். 1990-களில் மூலக்கூறு உயிரியலாளர்கள் எதிர்த்தார்கள். விலங்குகளின் மரபுத்தொகுதியில் சில சிறு துண்டுகள் தம்மைப் பிரதியெடுத்துக்கொண்டு எங்கோ ஓரிடத்தில் செருகிக்கொள்ளும். இரு விலங்குகளில் ஒரே துண்டு ஒரே இடத்தில் தற்செயலாகச் செருகிக்கொள்வது கிட்டத்தட்ட நடவாத காரியம். பொது மூதாதையிடம் ஒருமுறை நேர்ந்தது வாரிசுகளுக்கு வந்தது என்றே கொள்ள வேண்டும். ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் குழு 1997-இல் இத்தகைய செருகல்கள் திமிங்கிலம், நீர்யானை, அசைபோடும் விலங்குகள் ஆகிய மூன்றிலும் ஒரே இடங்களில் இருப்பதைக் காட்டியது. பன்றியிலும் ஒட்டகத்திலும் அவை இல்லை.

பல் ஒன்று சொன்னது, மரபணு வேறொன்று சொன்னது. தீர்ப்பு சொல்லக்கூடிய சாட்சி கணுக்கால். திமிங்கிலம் இரட்டைக் குளம்பிகளின் வழியில் வந்திருந்தால், கால் இருந்த காலத்துப் பழந்திமிங்கிலத்திடம் இரட்டைக் கப்பி எலும்பு இருந்தாக வேண்டும். தலையோடு சேர்ந்த கணுக்கால்தான் கிடைக்காமல் இருந்தது. 2000-இல் பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பிலிப் ஜிஞ்சரிச்சும் பாகிஸ்தானிய ஆய்வாளர்களும் 4.7 கோடி ஆண்டுப் பழைய திமிங்கிலங்களின் எலும்புகளைக் கணுவோடு எடுத்தார்கள். 2001 செப்டம்பரில் அவர்கள் கட்டுரையும், அதைவிடப் பழைய பாகிசீட்டஸ் வகைகளைப் பற்றிய ஹான்ஸ் தெவிசன் குழுவின் கட்டுரையும் ஒரே வாரத்தில் வெளிவந்தன. இரு குழுக்கள் எடுத்த எலும்புகளிலும் மேலே ஒரு கப்பி, கீழே ஒரு கப்பி இருந்தன. அதுவரை மெசோனிக்கிட் பக்கம் நின்ற ஜிஞ்சரிச் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கியது நீர்யானை. அதற்கடுத்து ஆடு, மாடு, மான் அடங்கிய கூட்டம்.

இந்தக் கதையில் இந்திய மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் அசோக் சாஹ்னியும் வி.பி. மிஸ்ராவும் 1970-களிலேயே பழந்திமிங்கிலங்களைக் கண்டு விவரித்தார்கள். ஜம்மு-காஷ்மீரின் ரஜோரி மாவட்டத்தில் காலக்கோட் பகுதியில் நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் எலும்புகள் பதிந்த பாறைகளைச் சேகரித்தார். சிறிய குளம்பு விலங்கு ஒன்றுக்கு 1971-இல் இந்தோஹியஸ் என்று பெயரிட்டார். அவர் சேகரித்ததில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே அவர் வீட்டில் கிடந்தது. அவர் மறைந்த பின் மனைவி அவற்றைக் காத்து வைத்திருந்து தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதி தவறுதலாக உடைந்தபோது உள்ளே தடித்த எலும்புச் சுவர் தெரிந்தது. திமிங்கிலக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் என்று அதுவரை கருதப்பட்ட சுவர் அது. தெவிசனும் சுனில் பாஜ்பாயும் உள்ளிட்ட குழு 2007-இல் இதை வெளியிட்டது. 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தோஹியஸ் பூனை அளவு விலங்கு. நம் காடுகளின் சருகுமானைப் போன்ற உருவம். கால் எலும்புகள் நீரில் ஆழ்ந்து நடக்கும் விலங்குக்குரிய கனம். அதன் கணுவில் இரட்டைக் கப்பி. திமிங்கிலத்தின் நேரடிப் பாட்டன் என்று அதைச் சொல்ல முடியாது; பங்காளி என்று சொல்லலாம்.

கருவில் தெரியும் வரலாறு

எலும்பு சொல்வதைக் கரு உறுதி செய்கிறது. திமிங்கில வகையைச் சேர்ந்த ஓங்கிலின் (டால்பினின்) கரு சில வாரப் பருவத்தில் இருக்கும்போது அதன் உடலில் பின்னங்கால் மொட்டுகள் இரண்டு முளைக்கின்றன. முளைத்து, வளராமல், மறைந்துவிடுகின்றன. கால் வளர இட வேண்டிய கட்டளையை எழுப்பும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு அங்கே இயங்குவதில்லை என்று 2006-இல் கண்டறிந்தார்கள். கால் மொட்டில் இந்த மரபணுவை இயக்கி வைக்கும் ஒரு விசை உண்டு. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் விசையை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மனிதனின் விசையை வைத்தார்கள்; எலிக்குக் கால் ஒழுங்காக வளர்ந்தது. சீலகாந்த் என்ற மீனின் விசையை வைத்தார்கள், அப்போதும் வளர்ந்தது. மலைப்பாம்பின் விசையை வைத்தபோது கால்கள் குட்டையாகக் கருகி நின்றன. மலைப்பாம்பின் அடிவயிற்றில் கழிவுத் துளைக்கு இரு புறமும் காணும் சிறு முட்கள் அதன் பின்னங்கால்களின் எச்சம். பாம்பும் காலுள்ள மூதாதையின் வாரிசே.

ஆட்டுக்காலின் இரு விரலுக்கும் கருவில் காரணம் கிடைத்திருக்கிறது. நம் கை கருவில் உருவாகும்போது ஒரு பக்கம் கட்டைவிரலாகவும் மறுபக்கம் சுண்டுவிரலாகவும் ஆவதற்கு, அதே சானிக் ஹெட்ஜ்ஹாகின் செய்தி ஒரு விளிம்பில் மிகுந்தும் மறு விளிம்பில் குறைந்தும் இருக்க வேண்டும். மாட்டின் கருவில் அந்த ஏற்றத்தாழ்வை உணரும் திறன் தேய்ந்துவிட்டதாக 2014-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வுக்கூடம் காட்டியது. அதனால் கால் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரியாக, இரண்டு சம விரல்களோடு வளர்கிறது. வௌவாலில் இன்னொரு மாற்றம். மனிதக் கருவின் கை முதலில் விரல் பிரியாத துடுப்பு. விரல்களுக்கு இடையே உள்ள செல்கள் செத்து மறைந்த பின்தான் விரல்கள் பிரிகின்றன. வௌவாலின் முன்கையில் அந்தச் செல்கள் சாகாமல் தங்கி இறக்கைத் தோலாகின்றன. கையைப் புதிதாகப் படைக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த கட்டளை எங்கே, எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பது மாறினால் போதும்.

வெடிச்சத்தம் கேட்கும் எலும்புகள்

பட்டாசு வட்டாரத்து வாசகருக்குக் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செவிப்பறையில் மோதும் சத்தத்தை உட்செவிக்குக் கடத்துபவை சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள். எல்லாப் பாலூட்டிகளுக்கும் இந்த மூன்று உண்டு. ஆட்டுக்கும் வௌவாலுக்கும் திமிங்கிலத்துக்கும். ஓணானுக்கும் பறவைக்கும் ஒன்றுதான். அந்த ஒன்று நம் அங்கவடிக்கு இணையானது. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? ஜெர்மனியின் கார்ல் ரைஷர்ட் 1837-இல் கருக்களைப் பிரித்துப் பார்த்துப் பதில் சொன்னார். ஓணானின் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகளே நமக்குப் பட்டடையும் சுத்தியும் ஆகியிருக்கின்றன.

தாடை எலும்பு காதுக்குள் போவது நம்பக் கடினமானது. இடைநிலையில் இருந்த விலங்கு எதைக் கொண்டு தின்றது, எதைக் கொண்டு கேட்டது என்று கேட்டவர்கள் உண்டு. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற சுண்டெலி போன்ற சிறு பிராணி விடையானது. அதற்குப் பழைய மூட்டு, புதிய மூட்டு இரண்டும் அருகருகே இருந்தன. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யாமலே ஒவ்வோர் அறையாக மாற்றிக் கட்டுவதுபோல, புதிய மூட்டு பொறுப்பை ஏற்ற பிறகே பழைய எலும்புகள் கேட்கும் வேலைக்கு முழுதாக விடுபட்டன. அமெரிக்காவின் ஓபாசம் குட்டி பிறக்கும்போது இந்த எலும்புகள் இன்னும் தாடையோடு ஒட்டியிருக்கின்றன. வளரும்போதுதான் காதுப் பக்கம் பிரிகின்றன.

நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுக்கு 1999 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. அந்த எல்லை மனிதக் காதை நினைத்து வகுக்கப்பட்டது. ஆனால் கேட்கும் கருவி நமக்கு மட்டும் தனியாக வந்ததல்ல. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவையின் காதில் அதிரும் அந்த ஒற்றை எலும்பு நம் காதில் அங்கவடியாக இருக்கிறது என்று உடற்கூற்றியல் சொல்கிறது. அந்த ஊர் மக்களின் கருணைக்கு அறிவியல் சொல்லும் காரணம் இது.

பாடத்தில் இருப்பதும் கையில் இருப்பதும்

ஒரே படைப்பாளி ஒரே திட்டத்தைப் பல உயிர்களுக்கும் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேள்வியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். திட்டம் என்று கொண்டால் எந்த ஒற்றுமையையும், எந்த வேற்றுமையையும் ஏற்றுக்கொள்ளலாம். எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உறவு என்று கொண்டால் சொல்ல முடியும். பழந்திமிங்கிலத்தின் கணுவில் இரட்டைக் கப்பி இருக்கும் என்று மரபணுவை வைத்து எதிர்பார்க்க முடிந்தது, இருந்தது. இல்லாமல் போயிருந்தால் அந்தக் கருத்து வீழ்ந்திருக்கும். வீழும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு நிற்பதுதான் இந்த அறிவின் பலம். மறைவதற்காகவே முளைக்கும் ஓங்கிலின் கால் மொட்டுக்கு வேறெந்த விளக்கமும் இவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை.

2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, நாடெங்கும் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடமாக இருக்கிறது. அமைப்பு ஒத்த உறுப்பும் செயல் ஒத்த உறுப்பும் எச்ச உறுப்பும் அதில் வருகின்றன. இது காக்க வேண்டிய செல்வம். ஆனால் வௌவால், திமிங்கிலம், மனிதன் ஆகிய மூன்று கைகளின் படத்தை வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். சான்றைத் தொட்டுப் பார்த்த அனுபவம் வராது.

அந்த அனுபவத்துக்கு ஆய்வுக்கூடமோ பணமோ தேவையில்லை. காட்டு விலங்குகளின் எலும்பைச் சேகரிப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது; சேகரிக்கவும் வேண்டாம். ஓர் ஆட்டின் முன்னங்கால், பின்னங்கால், கணுவின் இரட்டைக் கப்பி, பன்றியின் கால், கோழியின் இறக்கை, பெரிய மீன் ஒன்றின் துடுப்பு இருந்தால் போதும். வேக வைத்து, சதை நீக்கி, வெயிலில் காயவைத்து, எண்ணிட்டு ஒரு பெட்டியில் வைத்தால் பல ஆண்டுகளுக்குப் பாடம் நடத்தலாம். காரியாபட்டி, மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் இப்படி ஓர் எலும்புப் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். விருதுநகரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் இந்த எலும்புகளுக்கு ஒரு மேசை ஒதுக்கலாம். உயிரியல் ஆசிரியர்களும் கால்நடை மருத்துவர்களும் கறிக்கடைக்காரர்களும் கூடினால் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும் வேலை. எல்லா உயிரும் உறவு என்பதைப் பிள்ளைகள் நாம் சொல்லி நம்ப வேண்டாம். எலும்பை எடுத்துப் பார்த்துத் தாங்களே அறிந்துகொள்ளட்டும்.